பித்தக்குழாய் அடைப்புக்கு டியூப்: பிளாஸ்டிக்கா, மெட்டலா, வெளியே பையா?

மஞ்சள் காமாலையின் அளவைக் காட்டும் பிலிரூபின் 14 என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்கே நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளில் கீழாநெல்லி அரைபடத் தொடங்கிவிடும். வெறும் வயிற்றில் ஒரு உருண்டை, உப்பில்லாத கஞ்சி, மீன் கிடையாது, எண்ணெய் கிடையாது. வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பேர் மருந்துக்குப் போய்ச் சேரும். பித்தக்குழாய் அடைத்து வரும் காமாலை அப்படி இறங்காது. பத்தியத்தில் ஆள் மெலிவார், மஞ்சள் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போகும், மலம் களிமண் போல வெளுத்திருக்கும், ராத்திரி தூங்கவிடாத அரிப்பு, ஆனால் வயிற்று வலி பெரிதாக இல்லை. வயது 60ஐத் தாண்டியவர், எடை குறைந்திருக்கிறது, போன வருடம்தான் புதிதாகச் சர்க்கரை வந்தது. இத்தனையும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் நாட்டு மருந்துக்கு இரண்டு வாரம் ஒதுக்க வேண்டாம். ஒரு சாதாரண அல்ட்ராசவுண்ட் போதும், ஈரலுக்குள் குழாய்கள் வீங்கியிருக்கின்றனவா என்று சொல்லிவிடும். வீங்கியிருந்தால் கேள்வி ஒன்றுதான்: எங்கே அடைப்பு, எதனால்? கல்லாக இருந்தால் அது வேறு கதை. இங்கே பேசுவது புற்றுநோயால் வரும் அடைப்பு: கணையத் தலை, பித்தக்குழாய், பித்தப்பை, குழாய் குடலில் திறக்கும் வாய், அல்லது வேறெங்கோ தொடங்கிய புற்று ஈரலடியில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவி வெளியிலிருந்து குழாயை நெரிப்பது.

அடைப்பைக் கடந்து பித்தத்தை ஓடவைக்கும் டியூப்புகளையும் (உள்ளேயே தங்கிவிடுவதற்கு ஸ்டென்ட் என்று பேர்) அவற்றைப் போடும் வழிகளையும்தான் இங்கே எடை போடுகிறோம். நல்ல டியூப், கெட்ட டியூப் என்று எதுவும் இல்லை. யோசிக்காமல் அவசரத்தில் போட்ட டியூப்தான் பின்னால் தொல்லை கொடுக்கும்.

படம் முதலில்

மஞ்சள் கண்ணைப் பார்த்ததும் குடும்பம் பதறும், கிடைத்த இடத்தில் அன்றைக்கே இ.ஆர்.சி.பி. (வாய்வழியாக எண்டோஸ்கோப் இறக்கிப் பித்தக்குழாய்க்குள் போகும் முறை) செய்து ஒரு பிளாஸ்டிக் டியூப்பைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் இறங்கும், எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு வாரம் கழித்து சி.டி. எடுத்தால் கணையத் தலையைச் சுற்றி வீக்கம். எது கட்டி, எது டியூப் போட்டதால் வந்த புண் என்று பிரிக்க முடியாது. பெரிய ரத்தக்குழாயைக் கட்டி தொடுகிறதா என்பதை வைத்துத்தான் ஆபரேஷன் முடியுமா முடியாதா என்று சர்ஜன் சொல்வார். அந்த இடமே படத்தில் மங்கிப்போயிருக்கும்.

அதனால் காய்ச்சல் இல்லாத நோயாளிக்கு வரிசை இதுதான்: கணையத்தைக் குறிவைத்து மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி., தேவைப்பட்டால் எம்.ஆர்.சி.பி. (பித்தக்குழாய்களை மட்டும் காட்டும் எம்.ஆர்.ஐ. படம்), கேன்சர் சர்ஜன் ஒருவரின் கருத்து, அதற்கப்புறம் டியூப். ஒரு நாள் இரண்டு நாள்தான் தாமதமாகும். அதற்குள் மஞ்சளால் யாரும் சாகப்போவதில்லை.

ஆபரேஷன் உடனே நடக்கும் என்றால் டியூப்பே வேண்டாம் என்பதும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நெதர்லாந்தில் நடந்து 2010ல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. கணையத் தலைப் புற்றுநோயாளிகளில் நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களுக்குப் பெரிய சிக்கல் 39 சதவீதம். முதலில் டியூப் போட்டு மஞ்சளை இறக்கிவிட்டு ஆபரேஷன் செய்தவர்களுக்கு 74 சதவீதம். அவர்கள் எடுத்துக்கொண்டது பிலிரூபின் ஏறத்தாழ 14.6க்குள் இருந்தவர்களை, போட்டவையும் பிளாஸ்டிக் டியூப்கள். அதைவிட மிக அதிகமாக ஏறியவர்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே தூக்கிப் போட முடியாது. ஆனால் 'மஞ்சள் இறங்கினால்தான் கத்தி' என்ற பழைய சட்டம் அத்தோடு தளர்ந்தது. இப்போது ஆபரேஷனுக்கு முன் டியூப் என்பது நாலு சந்தர்ப்பத்துக்குத்தான்: குழாயில் சீழ் பிடித்துக் காய்ச்சல், தாங்க முடியாத அரிப்பு, ஆபரேஷன் தள்ளிப்போவது, முதலில் கீமோ என்று முடிவாவது.

விதிவிலக்கு காய்ச்சல். மஞ்சளோடு குளிர்நடுக்கமும் வலது விலாவுக்குக் கீழ் வலியும் வந்தால் அது குழாயில் சீழ். பிரஷர் இறங்கினால், ஆள் குழம்பிப் பேசினால் சி.டி.க்கு வரிசையில் நிற்க நேரமில்லை. அன்றைக்கே ஏதாவது ஒரு வழியில் பித்தம் வெளியேற வேண்டும். எந்த டியூப் என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட்: மூன்று மாத வாடகை வீடு

வாய்வழியாக எண்டோஸ்கோப் போட்டு அடைப்பினூடே பிளாஸ்டிக் டியூப்பை நிறுத்தும் முறை 1979, 1980 வாக்கில் ஜெர்மனியில் தொடங்கியது. பொருள் இன்றும் பெரிதாக மாறவில்லை. பாலிஎத்திலீன் குழாய், இரண்டு முனையிலும் நழுவாமல் இருக்கச் சிறு மடல். அளவு 7, 8.5, 10 பிரெஞ்ச். நீளம் 5 முதல் 15 சென்டிமீட்டர் வரை. பிரெஞ்ச் என்பதை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் வந்துவிடும்: 10 பிரெஞ்ச் என்றால் வெளிவிட்டம் 3.3 மி.மீ. எண்டோஸ்கோப்பின் உட்பாதையே 4.2 மி.மீ.தான். ஆகவே பிளாஸ்டிக்கில் இதற்குமேல் பெரிதாகத் தடிமனாகப் போக வழியில்லை.

போட்ட நிமிடம் பார்க்க அழகாக இருக்கும். டியூப்பின் மடல் குழாய் வாயில் வந்து உட்கார்ந்ததும் முதலில் எக்ஸ்ரேயில் குழாய் தெரியச் செலுத்திய சாயமருந்து கொஞ்சம், பின்னாலேயே கரும்பச்சைப் பித்தம் திரையில் கொட்டும். அதே டியூப்பை மூன்று மாதம் கழித்து உருவி நறுக்கிப் பார்த்தால், உள்ளே பழுப்புச் சேறு. குடலிலிருந்து ஏறும் கிருமிகள் உட்சுவரில் ஒரு வழவழப்பான படலம் கட்டும். பித்தத்தின் கசடும் உணவுத் துணுக்கும் அதில் ஒட்டும். அந்தச் சிறு துளை அடைய அது போதும். அடைக்காமல் இருக்கப் பித்தத்தை இளக்கும் உர்சோ மாத்திரையும் தொடர் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். டியூப்பின் ஆயுள் நீளவில்லை. மாத்திரை சாப்பிடுவதால் டியூப் மாற்றத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிளாஸ்டிக்கின் பலம் இரண்டு. விலை சில ஆயிரத்தில் முடியும்; வேண்டாமென்றால் உருவிவிடலாம். நோய் புற்றுதானா என்று இன்னும் உறுதியாகாதவர்களுக்கு உருவக்கூடிய டியூப் போடுவதே புத்திசாலித்தனம். பலவீனம் ஒன்றே ஒன்று: தேதி. இரண்டரை மாதத்திலேயே மாற்ற நாள் வாங்கிவைக்க வேண்டும். "மஞ்சள் இறங்கிட்டுல்லா, இனி எதுக்கு டாக்டரே?" என்று வீட்டில் சொல்வார்கள். அப்படிச் சொல்லி நாலாவது மாதம் நடுக்கத்தோடு ஆம்புலன்ஸில் வருவதுதான் பிளாஸ்டிக் டியூப்பின் வழக்கமான தோல்வி. டியூப் போட்ட தேதியையும் மாற்ற வேண்டிய தேதியையும் சமையலறைக் காலண்டரிலேயே வட்டமிட்டு வைக்கலாம்.

செலவுக்காக பிளாஸ்டிக் என்றால் 10 பிரெஞ்ச் கேளுங்கள். 7 பிரெஞ்ச் போடுவது எளிது, அடைவதும் எளிது.

மெட்டல் ஸ்டென்ட்: காசு ஒருமுறை, வேலை நீண்ட நாள்

நிட்டினால் (நிக்கல், டைட்டானியம் சேர்ந்த உலோகக் கலவை) கம்பி வலை, மடங்கிய நிலையில் மெல்லிய உறைக்குள் இருக்கும். கம்பி வழிகாட்ட அடைப்பைத் தாண்டி உள்ளே போகும். உறையை மெல்லப் பின்னிழுத்தால் வலை விரியும். முழுசாக விரிந்தால் விட்டம் 10 மி.மீ., பிளாஸ்டிக்கைப் போல மூன்று மடங்கு. குறுக்குப் பரப்பில் ஒன்பது மடங்கு. அன்றைக்கே முழுசாக விரியாது. எக்ஸ்ரேயில் நடுவில் உடுக்கை இடுப்பு மாதிரி ஒரு ஒடுக்கம் தெரியும், இரண்டு மூன்று நாளில் அது விரிந்துகொடுக்கும். இந்த இடுப்பு ஸ்டென்ட்டின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் நீளம் தவறு என்று அர்த்தம், கட்டி இன்னும் கொஞ்சம் வளர்ந்தாலே முனை மூடிக்கொள்ளும். பின்னிய வலை ஸ்டென்ட்கள் விரியும்போது நீளத்தில் குறுகவும் செய்யும். இதைக் கணக்கில் எடுக்காமல் போட்டால் கீழ்முனை குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி அடைப்புக்கு ஒரு சென்டிமீட்டர் போலக் குடலுக்குள் நீட்டி நிற்க வேண்டும். அதிகம் நீட்டினால் எதிர்ச்சுவரை உரசிப் புண்ணாக்கும்.

இதில் இரண்டு சாதி உண்டு. உறை போடாத வலை சதைக்குள் பதிந்துவிடும், நழுவாது. ஆனால் மாதங்கள் போனால் கண்ணிகளின் வழியே கட்டி உள்ளே வளரும், உருவவும் முடியாது. அப்படி வளர்ந்தால் அதற்குள்ளேயே இன்னொரு டியூப்பைச் செருக வேண்டியதுதான். சிலிகான் போன்ற உறை போட்டது கட்டியை உள்ளே விடாது, எடுக்கவும் முடியும். பதிலுக்கு நழுவிப் போகக்கூடும். பித்தப்பை இருப்பவருக்கு உறை அந்தப் பையின் வாயை மூடினால் பித்தப்பை அழற்சி வரும். ஆக, புற்று உறுதியாகாதவருக்கு உறை போடாத மெட்டல் போடவே கூடாது. இதில் பேரம் இல்லை.

விலை பிளாஸ்டிக்கைப் போலப் பல மடங்கு, பத்தாயிரங்களில் போகும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மயக்க மருந்து, அட்மிஷன், வண்டி வாடகை, கூட வருபவரின் கூலி இழப்பு என்று கூட்டிப் பாருங்கள். குலசேகரத்திலோ பேச்சிப்பாறையிலோ இருந்து திருவனந்தபுரம் போய்வருகிற குடும்பத்துக்கு மூன்றாவது தடவையே பிளாஸ்டிக் மெட்டலைவிட விலை ஏறிவிடும். கீமோ எடுக்கப் போகிறவருக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் வாரத்தில் டியூப் அடைத்தால் சாதாரணக் காய்ச்சலாக அது நிற்காது. ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் 2018 வழிகாட்டுதலும் ஈரலுக்கு வெளியே வரும் புற்றுநோய் அடைப்புக்கு மெட்டலையே முன்வைக்கிறது. எங்கள் கணிப்பும் அதுவே: கீழ்க்குழாய் அடைப்பு, புற்று உறுதி, ஆபரேஷன் இல்லை அல்லது தள்ளிப்போகிறது என்றால் மெட்டல்.

ஈரல் வாயில் அடைப்பு என்றால் விளையாட்டே வேறு

இடது வலது பித்தக்குழாய்கள் சேரும் இடத்தில் கட்டி வந்தால் மேலே சொன்ன எளிமை எல்லாம் போய்விடும். ஒரே குழாய் அல்ல, கிளைகள். கணக்கு இதுதான்: ஈரலின் பாதிக்கு மேல் வடிய வேண்டும், அதுவும் உயிரோடு வேலை செய்கிற பாதி. சுருங்கிப்போன ஒரு பக்கத்துக்கு டியூப் போட்டுப் பயனில்லை. அதனால் இங்கே எம்.ஆர்.சி.பி. வரைபடம் மாதிரி, அது கையில் இல்லாமல் உள்ளே இறங்கக் கூடாது.

பெரிய தவறு சாயமருந்தில் நடக்கிறது. எல்லாக் கிளைகளிலும் மருந்தைச் செலுத்திப் படம் பார்த்துவிட்டு ஒரு கிளைக்கு மட்டும் டியூப் போட்டு வந்தால், வடியாத கிளைகளுக்குள் போன மருந்தோடு கிருமியும் தங்கும். மூன்றாம் நாள் நடுக்கம். எந்தக் கிளையை வடிக்கப் போகிறோமோ அதில் மட்டும் கம்பி, அதில் மட்டும் சாயம். உறை போட்ட ஸ்டென்ட் இங்கே வேண்டாம், பக்கக் கிளைகளின் வாயை மூடிவிடும். ஒன்றுக்கு மேல் மெட்டல் தேவை என்றால் பக்கத்தில் பக்கமாகவோ, ஒன்றின் கண்ணி வழியே இன்னொன்றாகவோ போடுவார்கள். இரண்டாவது வகையைப் பிறகு சரிசெய்வது கடினம். அடைப்பு இரண்டாம் நிலைக் கிளைகள் வரை ஏறியிருந்தால் எண்டோஸ்கோப்பைவிட விலா வழியே போவது பல சமயம் நல்லது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் இதைச் செய்யும் இடத்தில் செய்துகொள்ள வேண்டாம்.

வாய்வழி போக முடியாதபோது

இ.ஆர்.சி.பி. தோற்பதற்குப் பொதுவான காரணங்கள் இரண்டு. முன்சிறுகுடலையே கட்டி அடைத்திருப்பது ஒன்று. வாந்தி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டால் தெரிந்துவிடும். பழைய வயிற்று ஆபரேஷன் இன்னொன்று. நம்ம மாவட்டத்தில் இந்தக் கேள்வியை அழுத்திக் கேட்க வேண்டும். எவரெஸ்ட்டுக்கு 1922லும் 1924லும் போன ஆங்கிலேய சர்ஜன் ஹோவர்டு சாமர்வெல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றுப்புண் ஆபரேஷனுக்குப் பேர் வாங்கியவர். அந்தப் பழக்கம் அவருக்குப் பின்னும் தொடர்ந்தது; அமிலத்தை அடக்கும் மாத்திரைகள் பரவும் வரை புண்ணுக்குக் கத்திதான் வழி. இன்றைக்கு 75, 80 வயதில் இருப்பவரிடம் 'பழைய ஆபரேஷன் உண்டா?' என்று கேட்டால், "அது பண்டு அல்சருக்குச் செய்தது, அதெல்லாம் சொல்லணுமா?" என்பார். சொல்லணும். இரைப்பையின் கீழ்ப்பாதியை எடுத்துவிட்டுக் குடலைத் தைத்திருந்தால் குழாய் வாய்க்கு எதிர்த் திசையிலிருந்து, தலைகீழாக ஏறித்தான் போக வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும் வழக்கமான ஸ்கோப்புக்கு அது எட்டாமல் போகலாம். வயிற்றில் பழைய தழும்பு இருந்தால் விரலால் காட்டிவிடுங்கள்.

அப்போது இரண்டு வழி. இ.யூ.எஸ். எனப்படும் உட்சுவர் அல்ட்ராசவுண்ட் ஸ்கோப்பை இரைப்பைக்குள்ளோ முன்சிறுகுடலுக்குள்ளோ நிறுத்தி, அந்தச் சுவர் வழியாகவே வீங்கிய பித்தக்குழாயை ஊசியால் குத்தி அங்கேயே ஸ்டென்ட் வைப்பது. அடைப்பைத் தாண்டவே தேவையில்லை, புதிதாக ஒரு கிணறு தோண்டுவது மாதிரி. 2001ல் முதன்முதலில் செய்யப்பட்ட இந்த முறை, நுனியில் மின்சூடு வைத்த, இரண்டு பக்கமும் குடை போல் விரியும் சிறு மெட்டல் ஸ்டென்ட் வந்த பிறகு நிமிடக் கணக்கில் முடிகிற வேலையாகிவிட்டது. கணைய வாயைத் தொடாததால் கணைய அழற்சி பயம் குறைவு. 2023ல் வெளியான இரண்டு ஒப்பீட்டு ஆய்வுகளில் கீழ் அடைப்புக்கு இது இ.ஆர்.சி.பி.க்குக் குறையாமல் நின்றது. குறை என்னவென்றால், தவறாக விரிந்தால் பித்தம் வயிற்றுக்குள் கசியும், குழாய் போதிய அளவு வீங்காதவருக்குச் செய்ய முடியாது, கைப்பழக்கம் உள்ளவர்கள் குறைவு. நல்ல கை இருக்கிற இடத்தில் மட்டும் இது முதல்தரம்.

பி.டி.பி.டி. என்பது விலா எலும்புகளுக்கு இடையே ஊசி போட்டு ஈரலினூடே குழாய்க்குள் டியூப் இறக்குவது. ரேடியாலஜிஸ்ட் செய்வார், மரப்பு ஊசி போதும், எண்டோஸ்கோப் எட்டாத கிளைகளும் எட்டும். சீழ் பிடித்த நோயாளிக்கு உயிர் காக்கும். வாழ்வதற்கு வசதி குறைந்தது இதுதான்: இடுப்பில் தொங்கும் பை.

அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் நின்று சொல்வதில்லை. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், படுத்தாலும் கட்டிலுக்குக் கீழே தொங்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு வடிகிறது என்று எழுதிவையுங்கள். ஈரல் தினமும் அரை லிட்டருக்கு மேல் பித்தம் சுரக்கும், அதெல்லாம் வெளியே போனால் உப்பும் தண்ணீரும் சேர்ந்து போகிறது. இந்த நேரத்தில் உப்பில்லாப் பத்தியம் போட்டால் ஆள் இரண்டு நாளில் தள்ளாடுவார். உப்பு போட்ட கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். எல்லாம் கொடுங்கள், தடை சொன்ன டாக்டர் இருந்தால் மட்டும் அவரைக் கேளுங்கள். டியூப்பைக் கழுவச் சொல்லியிருந்தால் 10 மி.லி. சுத்தமான சலைனை மெல்லத் தள்ள வேண்டும், சிரிஞ்சின் தண்டைப் பின்னிழுக்கக் கூடாது. இழுத்தால் குடலின் அழுக்கு ஈரலுக்குள் ஏறும். வடிவது திடீரென்று நின்றால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, மூன்றுவழித் திருகு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். டியூப் ஓரமாகக் கசிந்து சட்டை நனைந்தால் உள்ளே அடைத்திருக்கிறது அல்லது டியூப் நகர்ந்திருக்கிறது. முழுசாகக் கழன்று வந்துவிட்டால் திரும்பச் செருகப் பார்க்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். பாதை ஒரு நாளில் மூடத் தொடங்கும்.

ரப்பர் வெட்டப் போகிறவருக்கும் குளச்சலில் வலை இழுக்கிறவருக்கும் இந்தப் பையோடு வேலை நடக்காது. காய்ச்சல் அடங்கியதும் அதே பாதை வழியாக அடைப்பைத் தாண்டி உள்ளே மெட்டல் ஸ்டென்ட் வைத்து வெளி டியூப்பை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பல பேருக்கு முடியும். கேட்காததால் மாதக்கணக்கில் பையோடு இருப்பவர்கள் உண்டு. மூக்கு வழியே வெளிவரும் டியூப் இன்னொன்று. சீழ் அதிகமாக இருக்கும் சில நாட்களுக்கு மட்டும். குழம்பிய நோயாளி ராத்திரியில் பிடுங்கிவிடுவார்.

போவதற்கு முன்னும் வந்த பிறகும்

ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வெறும் வயிறு. பித்தம் குடலுக்கு வராவிட்டால் விட்டமின் கே உடலில் சேராது, ரத்தம் உறைவது தாமதமாகும், அந்தத் தாமதத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5க்கு மேல் இருந்தால் விட்டமின் கே ஊசி போட்டுச் சரிசெய்வார்கள், தட்டணுக்கள் 50,000க்குக் கீழே இருந்தால் யோசிப்பார்கள். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுப்பவர் இதய டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்தக் கூடாது, சொல்லாமல் மறைக்கவும் கூடாது. முக்கியமான சிக்கல் கணைய அழற்சி, நூற்றில் சில பேருக்கு வரும். அதைக் குறைக்க மலத்துவாரத்தில் வைக்கும் 100 மி.கி. டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெதாசின் மருந்து இருக்கிறது, விலை மிகக் குறைவு. சிறுநீரகக் கோளாறோ அலர்ஜியோ இல்லையென்றால் அது கொடுக்கப்படுகிறதா என்று கேட்பதில் தவறில்லை. செய்து முடித்த அன்று ராத்திரி முதுகுக்குப் பரவும் வயிற்று வலி வந்தால் கேஸ் என்று தள்ளிவிட வேண்டாம்.

மஞ்சள் ஒரே நாளில் போகாது. சிறுநீர் முதலில் தெளியும், மலத்துக்கு நிறம் வரும், அரிப்பு சில நாட்களில் குறையும். கண்ணின் மஞ்சள் போக வாரங்கள் ஆகும், நீண்ட நாள் அடைத்திருந்தால் இன்னும் தாமதம். பிலிரூபின் வாரத்துக்கு வாரம் இறங்குகிறதா என்பதைப் பாருங்கள், நாளுக்கு நாள் அல்ல. இரண்டு வாரத்தில் அசையவே இல்லை என்றால் டியூப் தவறான இடத்தில் இருக்கலாம், ஈரலின் போதிய பகுதி வடியாமல் இருக்கலாம், அல்லது ஈரலே சோர்ந்துபோயிருக்கலாம்.

சாப்பாட்டுக்குத் தனிப் பத்தியம் எதுவும் இல்லை. மீன்கறியும் மரச்சீனியும் டியூப்பை அடைக்காது. கணையத் தலைப் புற்றுநோயாளிக்கு எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம் போனால் அது டியூப்பின் குற்றமல்ல, கணைய நொதி போதவில்லை. அதற்கு நொதி கேப்சூல் உண்டு, முதல் கவளத்தோடு எடுக்க வேண்டும்.

இடம், காப்பீடு, கேட்க வேண்டியவை

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி நம்ம மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வடக்கே ஆரல்வாய்மொழி கடந்தால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி, மேற்கே களியக்காவிளை கடந்தால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் அதன் வளாகத்திலேயே மண்டலப் புற்றுநோய் மையமும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், திருநெல்வேலி அதைவிடச் சற்று அதிகம். எங்கே போவது என்பதை ஊரும் உறவும் தீர்மானிக்க வேண்டாம், நாலு கேள்வி தீர்மானிக்கட்டும்: இ.ஆர்.சி.பி. வாரத்துக்கு எத்தனை செய்கிறார்கள்? அது தோற்றால் அதே கூரைக்குக் கீழ் இ.யூ.எஸ். அல்லது பி.டி.பி.டி. செய்ய ஆள் உண்டா? கேன்சர் சர்ஜன் முன்னால் பார்ப்பாரா? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நடுக்கம் வந்தால் யார் போன் எடுப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டையை நீட்டும்போதே, செயல்முறைக் கட்டணத்தோடு ஸ்டென்ட்டும் சேருமா, சேர்ந்தால் பிளாஸ்டிக் மட்டுமா மெட்டலும் உண்டா என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். மேசையில் படுத்த பிறகு வெளியே வந்து 'மெட்டலுக்குத் தனியா கட்டணும், சீக்கிரம் சொல்லுங்க' என்று கேட்கும்போது எந்த மகனாலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. கேரள எல்லை தாண்டப் போகிறவர்கள் தங்கள் அட்டை அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று புறப்படுவதற்கு முன்பே போனில் உறுதி செய்ய வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் வெறுமனே 'ஸ்டென்டிங் செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். வகை, உறை உண்டா இல்லையா, விட்டம், நீளம், எத்தனை, எந்தப் பக்கம், போட்ட தேதி, எடுக்க அல்லது மாற்ற வேண்டிய தேதி, இவ்வளவும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கர் ஒன்றைச் சீட்டில் ஒட்டித் தருவார்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் அதைக் காட்டினால் போதும். அதைப் போட்டோ எடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேர் போனில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குலசேகரத்திலிருந்து வண்டி புறப்படும்போது அந்த ஒரு போட்டோதான் அவசரப் பிரிவு டாக்டருக்கு வேண்டியது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கட்டும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டைத் தாண்டி நடுக்கமும் சேர்ந்தால், பாராசிட்டமால் போட்டு விடியும்வரை பார்க்காமல் அந்த ராத்திரியே கிளம்ப வேண்டும்.